ஜெயித்தால் இன்னொரு டிக்கெட்: வினாடி வினா தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரிஸில் தொலைக்காட்சி வினாடி வினா நடத்தும் தயாரிப்பாளர்களே, வணக்கம்.

பிரெஞ்சில் எழுதியதற்கெல்லாம் அச்சடித்த நன்றிக் கடிதம்தான் வந்தது. அதனால் இந்த முறை தமிழில், ஊரறிய. உங்கள் அலுவலகத்தில் புதுச்சேரிக்காரர் யாராவது இருந்தால் படித்துச் சொல்லட்டும்.

நான் காரைக்கால்காரன். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில், சான் ஆந்த்ரே என்ற ஊரில் வாத்தியார் வேலை. ஒரு நிகழ்ச்சியில் தோற்றால் அடுத்ததற்கு விண்ணப்பம் போடுகிற ரகம். எங்களை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தேர்வு அறையில் ஒருவரையொருவர் பார்த்து "அட, நீங்களுமா?" என்று கேட்டுக்கொள்வோமே, அவர்கள்தான். ஒன்றில் முகம் காட்டினால் இன்னொன்றுக்குப் போக இடைவெளி விடச் சொல்கிறீர்கள். சரி, அந்த நாட்களில் அரசர்கள், ஆறுகள், நோபல் பரிசு என்று துண்டுச் சீட்டெழுதி உருப்போடுவோம்.

நீங்கள் ஒரே நாளில் பல நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிறீர்கள். ஒளிபரப்பில் அது திங்கள், செவ்வாய், புதன் ஆகிவிடும். ஜெயித்தவர்தான் அடுத்த நிகழ்ச்சியிலும் ஆட வேண்டும், அதனால் ஒவ்வொரு தடவையும் சட்டை மாற்றிக்கொண்டு ஓடிவர வேண்டும். பொடிக்கோடு போட்ட சட்டை ஆகாது, கேமராவில் அலையடிக்கும். கம்பெனிப் பெயர் தெரியக் கூடாது. பெட்டி நிறையச் சட்டையோடு போய், இரண்டாவதைப் பிரிக்காமலேயே ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை. பஸ்ஸரில் கை பிந்தினால் தோல்வி, ஆட்டம் அப்படி.

என் குறை தோற்பதைப் பற்றியதே அல்ல, ஜெயிப்பதைப் பற்றியது.

பதிவின் கடைசி மாலையில் சாம்பியனாக நிற்பவர் அடுத்த பதிவுக்கு மறுபடி வர வேண்டும். லியோன்காரர் ரயிலேறி வீட்டுக்குப் போய்விட்டு, சில வாரம் கழித்து வருவார். எனக்குத் தீவின் தலைநகர் சான் தெனியிலிருந்து பாரிஸுக்குச் சுமார் பதினோரு மணி நேர விமானம். நான் போன நிகழ்ச்சியில் பயணப்படி என்று தந்தது ரயில் கட்டணம். கடைசி ஆட்டத்தில் பதில் தெரிந்த கேள்வி வந்தபோது, உள்ளங்கை பஸ்ஸர் மேல் இருக்க, "அமுக்கணுமா?" என்று ஓர் எண்ணம் ஓடியது. போட்டியாளன் மனதில் வரவே கூடாத எண்ணம். அமுக்கினேன், ஜெயித்தேன். மறுபடி போகக் கடன் வாங்கினேன். போன வேகத்தில் தோற்றேன். வீட்டுக்காரி கணக்குப் பார்த்துவிட்டு, "ஜெயிக்காம வந்திருந்தா லாபங்க" என்றாள். மறுத்துப் பேச என்ன இருக்கிறது?

'லே தூஸ் கூ த மிதி' என்ற உங்கள் ஊர் வினாடி வினாவில் எமிலியன் என்ற போட்டியாளர் 2023 முதல் 2025 வரை 647 நிகழ்ச்சிகள் நின்று, 25 லட்சம் யூரோவுக்கு மேல் அள்ளினார். அசுரத் திறமை, கும்பிடுகிறேன். ஆனால் திறமைக்கு விதியும் இடம் விட வேண்டும். அமெரிக்காவின் 'ஜெபர்டி' வினாடி வினாவில் ஐந்து வெற்றியோடு அனுப்பிவைக்கும் வரம்பை 2003-இல் எடுத்தார்கள், 2004-இல் கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்தார். அவருக்கு 2002-இலும் அதே மூளைதான் இருந்திருக்கும்.

நான் கேட்பது வரம்பை எடுக்கிற அளவு பெரிய காரியமும் இல்லை. கடல் கடந்து வருகிறவர்களைப் பதிவின் முதல் நாள் காலையிலேயே ஆட விடுங்கள். ஜெயித்தால் அன்றும் மறுநாளும் தொடர்ந்து ஆடுவோம். பெரும்பாலும் ஒரே பயணத்தில் கதை முடிந்துவிடும். உங்களுக்குக் காலணா கூடுதல் செலவில்லை, பட்டியலில் பெயரை மேலே ஏற்றினால் போதும். மார்த்தினிக்காரருக்கும் பிரெஞ்சுக் கயானாக்காரருக்கும் இதே உதவிதான் வேண்டியிருக்கும்.

கேள்விகளைப் பற்றி நீட்டி முழக்கவில்லை. ரோலாந் காரோஸ் என்றாலே பாரிஸ் டென்னிஸ் மைதானம்தானா? அந்தப் பெயருக்குரிய விமானி 1888-இல் எங்கள் சான் தெனியில் பிறந்தவர். 1913-இல் மத்தியதரைக் கடலை விமானத்தில் கடந்தவர். உங்களிடம் வர நாங்கள் விமானம் ஏறுகிற நிலையத்துக்கே அவர் பெயர்தான். அதையும் ஒருநாள் கேளுங்களேன்.

அப்புறம், புது விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். "அருகிலுள்ள ரயில் நிலையம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, நிரப்பாவிட்டால் படிவம் அடுத்த பக்கம் போக மறுக்கிறது. 1882-இல் இங்கே ஓடத் தொடங்கிய ரயிலை 1960-களிலேயே மூடிவிட்டார்கள். என்ன எழுதட்டும்?

இப்படிக்கு,
சான் ஆந்த்ரேயிலிருந்து உங்கள் பழைய போட்டியாளன்