ஃபார்மலினில் ஏழு மாதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

2025 ஜூலையில் ஃப்ரிசன் குழுவின் கட்டுரை வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். நீயும் படித்திருப்பாய், விளக்கப் போவதில்லை. வளர்ந்தவர்களின் ஹிப்போகாம்பஸிலும், அதாவது மூளையின் நினைவுப் பகுதியிலும், பிரிந்து பெருகிப் புது நியூரான்களைத் தரும் முன்னோடி செல்கள் உண்டு; சிலரிடம் நிறைய, சிலரிடம் தேடினாலும் அகப்படாத அளவு. அந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

இதைப் பிறரும் படிப்பார்கள். ஊர், ஆய்வகம், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். என் பங்கை மட்டும் எழுதுகிறேன்.

மைக்ரோஸ்கோப் அறையில் விளக்கை அணைத்திருந்தோம். மனித மூளைத் துண்டில், ஹிப்போகாம்பஸின் உட்பகுதியான டென்டேட் ஜைரஸின் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள். இளம் நியூரானில் இருக்கும் புரதமான டபுள்கார்ட்டின், ஆகவே புது நியூரான் என்று நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். நீ பேசாமல் ஃபில்டரைச் சிவப்புக்கு மாற்றினாய். அதே புள்ளிகள், அதே இடத்தில். "அக்கா, ரெண்டு சேனல்லயும் இருக்கு. இது செல் இல்ல, லிபோஃபஸ்சின்." வயதாக ஆகச் செல்களில் சேர்ந்து, தானே ஒளிரும் கழிவு. டபுள்கார்ட்டினைத் தேடி ஒட்டும் முதல் ஆன்டிபாடியே போடாத ஸ்லைடையும் எடுத்து வைத்தாய். அதிலும் மின்னியது.

நீ சொன்னது சரி. "உன் கை சரியில்லை, திரும்பப் பண்ணு" என்றேன். பதினோரு முறை செய்தாய். பதினோரு முறையும் ஒன்றும் இல்லை. அந்த ஸ்லைடுகளைக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

மன்னித்துவிடு. உன் கையில் குறையே இல்லை.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் புள்ளிகள் செல் இல்லை என்பது சரி; அதை வைத்து "அந்த மூளையில் புது நியூரானே இல்லை" என்று நீ முடிவு கட்டியது தவறுதான். நமக்குச் சரிபார்ப்பாக இருந்தது எலி மூளை. இதயம் வழியாக, திசுவைப் பதப்படுத்தும் 4 சதவீத பாரஃபார்மால்டிஹைடு செலுத்தி ஒரே இரவு ஊறியது. மனிதத் திசுவோ ஏழு மாதம் ஃபார்மலினில் கிடந்தது. போத்தலின் லேபிளை நானும் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை. ஊற ஊறப் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஆன்டிபாடி ஒட்டவேண்டிய இடம் மூடிக்கொள்கிறது. அதைத் திறக்க pH 6.0 சிட்ரேட் பஃபரில் 95 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்கினாலும் முழுதாகத் திறப்பதில்லை. இறப்புக்கும் பதப்படுத்தலுக்கும் இடையே போகும் மணிகளிலும் டபுள்கார்ட்டின் சிதைந்துவிடும். எலியில் தெரிந்தது என்பதற்காக அந்த மனிதத் திசுவிலும் தெரிந்திருக்கும் என்று சொல்ல நமக்கு ஆதாரமே இல்லை.

2018 மார்ச்சில் ஆல்வரெஸ்-பையா குழு 59 மாதிரிகளைப் பார்த்து, வளர்ந்தவர்களில் புது நியூரான் அகப்படவில்லை என்று எழுதியபோது சுட்டியை மட்டும் அனுப்பினாய். ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் வலிக்கிறது. மறு ஆண்டு யொரென்ஸ்-மார்டின் குழு, 43 முதல் 87 வயது வரையிலான 13 பேரின் மூளையை 24 மணி நேரத்துக்குமேல் ஊறவிடாமல் எடுத்து, புது நியூரான்களை ஆயிரக்கணக்கில் காட்டியபோது நான் சந்தோஷப்பட்டேன். அறிவியலுக்காக மட்டும் அல்ல. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

இப்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உன் பதினோரு ஸ்லைடுகளும் வெளிவரும், ஊறிய காலத்தோடு. பக்கத்திலேயே ஒரு சோதனை: ஒரே மூளையின் ஹிப்போகாம்பஸ், ஐந்து துண்டு, 12 மணி, 24 மணி, 48 மணி, ஒரு மாதம், ஏழு மாதம். ஐந்துக்கும் ஒரே நாளில் ஒரே ஆன்டிபாடிக் கரைசல். ஃபார்மலினின் ஆல்டிஹைடால் வரும் பொய்யான ஒளிர்வை அடக்க சோடியம் போரோஹைட்ரைடு. அது லிபோஃபஸ்சினைத் தொடாது. அதற்கு 70 சதவீத ஆல்கஹாலில் 0.1 சதவீத சூடான் பிளாக் என்ற சாயம், பத்து நிமிடம், எல்லாவற்றுக்கும் கடைசியில். அதற்குப் பிறகு டிரைட்டன் என்ற சோப்புப் பொருள் கலந்த கழுவல் கூடாது, சாயம் போய்விடும். நீ ஒருமுறை எனக்குச் சொன்னதுதான். அன்று காதில் வாங்கவில்லை.

நான்கு துண்டுகள் வெட்டியாகிவிட்டன, ஆன்டிஃப்ரீஸில் மைனஸ் 20-இல் இருக்கின்றன. ஐந்தாவது இன்னும் ஃபார்மலினில். அதை எடுக்கும் வாரம் வா. நான் எண்ண மாட்டேன். எது எந்தத் துண்டு என்று தெரியாமல், இரண்டு சேனலிலும் நீ பார்த்துச் சொல்.

அக்கா