சரிவை வெட்டாதே மச்சான்

பண்டாரவளை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கெம்பஸ் கிடைத்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான், மற்றபடி சுகம்.

அப்புறம், அட்டன் காணி விஷயம். மண் தோண்டும் பெக்கோ மெஷினைக் கொண்டுவந்து சரிவை வெட்டிச் சமப்படுத்திவிட்டு அத்திவாரம் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. போன வாரம் நான் பார்த்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

அப்புத்தளைப் பக்கம், என்னோடு படிப்பித்த ஒருவர் கட்டியது. ரோட்டில் நின்றால் கூரை மட்டும்தான் தெரியும். சரிவோடு சரிவாக மூன்று தட்டு இறங்குகிறது. கடைசித் தட்டு கொங்கிரீட் தூண்களில் நிற்க, அவற்றுக்கு நடுவே தேயிலைத் தோட்டத்துப் பழைய மழைத்தண்ணீர்க் கான் அப்படியே ஓடுகிறது. ஹோலில் ஒரு பெரிய பாறை, பாதி உள்ளே, பாதி வெளியே. அதை உடைக்காமல், அதன் வளைவுக்குக் கண்ணாடியை அறுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். மழை பெய்யும்போது வெளிப்பாதி கறுத்து மின்னுகிறது, உள்பாதி சாம்பல் நிறமாகவே இருக்கிறது. தேத்தண்ணி ஆறியதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது புது யோசனையும் இல்லை. கண்டியில் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1949–51 இல் கட்டிய கருணாரத்ன வீடும் செங்குத்தான சரிவில் தட்டுத்தட்டாக எழுந்ததுதான். உள்ளே தும்பறைப் பாரம்பரிய நெசவு, ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியம். மினெட் கண்டியிலேயே பிறந்தவர். இன்னொரு கட்டடக் கலைஞரான ஜெஃப்ரி பாவாவைத் தெரிந்த அளவுக்கு நம்மவர்களுக்கு இவரைத் தெரியாதது எனக்குப் பெரிய வருத்தம்.

அழகுக்காக மட்டும் சொல்லவில்லை மச்சான். சரிவின் அடியை வெட்டினால் மேல் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். கானை மூடினால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பாரம் ஏறும். 2014 ஒக்டோபர் 29 காலை, மழையில் ஊறிய மலை மீரியபெத்தைத் தோட்டத்து லயன் வீடுகள் மேல் சரிந்ததை நாம் மறக்க முடியுமா?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். அவர்கள் வந்து பார்க்கும் வரை பெக்கோக்காரருக்கு முற்பணம் கொடுக்காதே. மேல் மூலையில் நிற்கும் டர்பன்டைன் மரங்களிலும் கை வைக்காதே. அந்த வீட்டுப் பிளானைக் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொன்னார். ஸ்கூல் லீவுக்குப் பிள்ளைகளோடு வா, கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்