மே 31-க்கும் ஜூன் 1-க்கும் நடுவில்: நிதித்துறைக்கு ஒரு திறந்த மடல்

20.9.2025

தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர்கள் எழுதும் கடிதம் பள்ளிக் கல்வித்துறைக்குத்தானே போக வேண்டும், நமக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அங்கே எழுதி எழுதிப் பார்த்தாயிற்று. இடைநிலை ஆசிரியர்களின் ஊதிய முரண்பாட்டுக் கோப்பு நிதித்துறையில் இருக்கிறது என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. சரி, கோப்பு இருக்கும் இடத்துக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. எனக்காக எழுதவில்லை; என் சம்பளத்தில் எனக்குக் குறையில்லை. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. இன்னொருவர் இடைநிலை ஆசிரியர், அதாவது தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர். வயதில் சிறியவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவர் சம்பளத்தில்தான் குறை. அவர் போராட்டத்துக்குப் போனால் ஒழுங்கு நடவடிக்கை, நான் எழுதினால் ஒரு விளக்கக் கடிதம். அதனால் நான் எழுதுகிறேன்.

கணக்கு உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆறாவது ஊதியக் குழுவுக்கான அரசாணை 2009 ஜூன் 1-இல் வந்தது. அதற்கு முன் இடைநிலை ஆசிரியரின் தொடக்க ஊதியம் 4,500 ரூபாய். மே 31 வரை பணியில் சேர்ந்தவருக்கு அதை 1.86-ஆல் பெருக்கி 8,370 என்று நிர்ணயம் செய்தீர்கள். மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. தர ஊதியம் இருவருக்கும் 2,800. ஒரே சான்றிதழ், ஒரே பாடநூல், ஒரே வகுப்பு. அடிப்படை ஊதியத்தில் மட்டும் 3,170 ரூபாய் வித்தியாசம்.

அது அன்றைக்கு. 2016-இல் இருந்து எல்லாவற்றையும் 2.57-ஆல் பெருக்கினீர்கள் இல்லையா, இந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் பெருக்கினீர்கள். 3,170 என்பது 8,147 ஆனது. 2025 ஜனவரியில் இருந்து வந்த 55 சதவீத அகவிலைப்படியை அதன்மேல் வைத்தால் 12,600-ஐத் தாண்டுகிறது. இது ஆண்டு ஊதிய உயர்வுகளைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட தொகை. நடுவில் தனி ஊதியம் என்று கொஞ்சம் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. அடிப்படை ஊதியம் அசையவே இல்லை. ஒரு குடும்பத்துக்கு வீட்டு வாடகையும் மளிகையும் சேர்ந்த தொகை, ஒரு நாள் தள்ளிச் சேர்ந்ததற்காக மாதாமாதம் போகிறது.

மத்திய அரசை ஒப்பிட வேண்டாம் என்பீர்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க வகுப்பு ஆசிரியர் 35,400-இல் தொடங்குகிறார். இங்கே 20,600. அகவிலைப்படிக்கு மட்டும் மத்திய அரசின் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

சம வேலைக்குச் சம ஊதியம் என்று பதாகையில் எழுதுகிறார்கள். அந்தச் சம வேலை என்ன என்று பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நான், அதையும் கேளுங்கள். காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவும்போதே தம்பி வந்துவிடுவார். வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். எங்கள் வகுப்பறைக்குள் சிக்னல் கிடையாது. போனைத் தூக்கிக்கொண்டு சுற்றுச்சுவர் ஓரம் போய் நிற்பார். அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் அவர் முன்னால். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருப்பான், இரண்டாம் வகுப்புப் பெண் மலரில் இருப்பாள். மலருக்கு ஒரு செயல்பாட்டைக் கொடுத்துவிட்டு, அரும்பு வட்டத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, 'ண'வுக்கும் 'ன'வுக்கும் எத்தனை சுழி என்று ஒரு பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்பார். அதற்குள் மொட்டில் இரண்டு பேருக்குள் ரப்பர் சண்டை. எனக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளை நாற்காலியில் இருந்தே சமாளிக்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எனக்குக் கூட்டம் என்றால் அன்று ஐந்து வகுப்பும் அவர் தலையில். சம வேலை என்பதே எனக்குச் சாதகமாகச் சொல்லும் வார்த்தை, உண்மையைச் சொன்னால்.

இந்த மாதம் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிறது. தீர்ப்பு சரியா என்பதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்தது வேறு. தம்பி 2013-இலேயே அந்தத் தேர்வில் தேறியவர். இப்போது மதிய இடைவேளையில் எனக்குக் குழந்தை உளவியல் சொல்லிக்கொடுப்பது அவர்தான். தகுதித் தேர்வு எழுதாத எனக்குக் கூடுதல் ஊதியம். எழுதித் தேறி, எனக்கும் பாடம் எடுக்கிறவருக்குக் குறைந்த ஊதியம். அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் நிலை இன்னும் மோசம்: தகுதித் தேர்வோடு நியமனத் தேர்வு என்று இன்னொன்றும் எழுத வேண்டும். 2024 ஜூலையில் நடந்ததே, அதுதான். இரண்டு தேர்வு எழுதி வந்தாலும் அதே 20,600. தேர்வுதான் ஆசிரியரின் தரத்துக்கு அத்தாட்சி என்றால், தேர்வு கூடக் கூட ஊதியம் குறைவதற்கு உங்கள் துறையில் என்ன விளக்கம் வைத்திருக்கிறீர்கள்?

பணம் இல்லை என்பீர்கள். 2024–25-க்கான சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்விக்கான ஒன்றியத் திட்டம்) நிதி 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது அநியாயம்தான், பி.எம். ஸ்ரீ என்னும் ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடாததற்கு எங்கள் பிள்ளைகளின் பணத்தைப் பிடித்து வைக்கக் கூடாது. அதில் அரசு பக்கம்தான் நான். ஆனால் அந்தப் பணம் நின்றது நேற்று. இந்த முரண்பாடு 2009-இல் இருந்து இருக்கிறது. நடுவில் இரண்டு கட்சிகளும் ஆண்டுவிட்டன. நிதி வந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும் இது சரியாகவில்லையே.

பகுதிநேர ஆசிரியர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் நீளும். 2012-இல் 5,000 ரூபாய்க்கு எடுத்தீர்கள், 2025-இல் 12,500. மே மாதம் அதுவும் கிடையாது. ஓவியமும் உடற்கல்வியும் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு மே மாதம் மட்டும் பசிக்காது போலிருக்கிறது.

இடைநிலை ஆசிரியர்களின் கோரிக்கை தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் 311-ஆவது வாக்குறுதியாக வந்தது. 2022 டிசம்பரில் சென்னை டி.பி.ஐ. (பள்ளிக் கல்வி இயக்குநரகம்) வளாகத்தில் பச்சைக் குழந்தைகளோடு உண்ணாவிரதம் இருந்து பலர் மயங்கி விழுந்த பிறகு, 2023 ஜனவரி 1-இல் மூவர் குழு அமைப்பதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த மூவரில் ஒருவர் உங்கள் துறையைச் சேர்ந்தவர். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி போராடியவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். 2025 செப்டம்பர் வரை அரசாணை வரவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. குழு எழுதியதை, எழுதிய வரைக்கும் வெளியிடுங்கள். முடியாது என்று முடிவு செய்திருந்தால் அதையாவது காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். நீதிமன்றத்துக்குப் போக ஒரு காகிதம் கிடைக்கும். முடியும் என்றால், எந்தத் தேதியில் இருந்து ஊதியத்தைத் திருத்துவீர்கள் என்று சொல்லுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் இரண்டு மூன்று தவணையாகக்கூடச் செய்யலாம். நிலுவைத் தொகையை விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதை அவர்களின் சங்கத்தை அழைத்துப் பேசிக்கொள்ளுங்கள். பேசும்போது நிதித்துறையில் இருந்து முடிவெடுக்கக் கூடியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பவரோடு அவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள்.

இப்படிக்கு,
2009 மே 31-க்கு முன் பணியில் சேர்ந்த ஓர் ஆசிரியை