டோங்கா வண்டித் தொழிலின் தடயத்தை எங்கே தேடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரியில் பல வீடுகளில் "எங்கள் பூட்டனார் டோங்கா சர்வீஸ் வைத்திருந்தார்" என்ற பேச்சு உண்டு. டோங்கா என்பது மலைப்பாதையில் வாடகைக்கு ஆள் ஏற்றிய குதிரை வண்டி. அதை உறுதிசெய்யக் கிளம்புகிறவர்கள் நேராக ஊட்டிக்குப் போய்ப் பழைய பட்டாவைத் தேடி, வெறுங்கையோடு திரும்புகிறார்கள். குதிரையும் வண்டியும் அசையும் சொத்து. பட்டாவில் எப்படி இருக்கும்?

முதலில் காலத்தைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-இல். அங்கிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது 1899 ஜூன் 15-இல். ஊட்டியை எட்டியது 1908-இல். எனவே கீழ்மலையில், அதாவது மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில், டோங்காவுக்கு நல்ல காலம் முதல் 26 ஆண்டுகள்தான். அதற்குப் பின் பூட்டனாருடைய விலாசம் குன்னூருக்கு மாறியிருந்தால் அதுவே ஒரு சான்று. ரயில் இல்லாமல் மிஞ்சியது குன்னூர்–ஊட்டித் துண்டு மட்டுமே.

வீட்டுப் பரணில் கணக்கு நோட்டு கிடைத்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். "3-8-0" என்று இருப்பது தேதி அல்ல, மூன்று ரூபாய் எட்டணா. ஃபசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு) ஆண்டோடு 590-ஐக் கூட்டுங்கள்: ஃபசலி 1308 என்றால் 1898 ஜூலை முதல் 1899 ஜூன் வரை. வெறும் "விளம்பி" என்று தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் 1838, 1898, 1958 மூன்றுமே பொருந்தும். ஃபசலியோ ஆங்கிலத் தேதியோ பக்கத்தில் இல்லாமல் முடிவுகட்டக் கூடாது. பிறகு கொள்ளுச் செலவைப் பாருங்கள். டோங்காவுக்கு ஜோடிக் குதிரை; ஏற்றத்தில் ஒரே ஜோடி கடைசிவரை இழுக்காது, இடையிடையே மாற்ற வேண்டும். வழியிலுள்ள கல்லாறு, பர்லியார், குன்னூர் என்று தனித்தனியாகக் கொள்ளும் லாடமும் குதிரைக்காரர் சம்பளமும் எழுதியிருந்தால் அவர் முதலாளி. ஒரே ஊர்க் கணக்கு என்றால் பெரும்பாலும் உள்ளூர் ஜட்கா (ஒற்றைக் குதிரை வண்டி) தான். இதில் வீட்டுப் பெருமைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது லைசென்ஸ். 1861-ஆம் ஆண்டு ஸ்டேஜ் கேரேஜ் சட்டப்படி, வாடகைக்கு ஆள் ஏற்றும் குதிரை வண்டிக்கு மாஜிஸ்திரேட்டிடம் ஐந்து ரூபாய் கட்டி ஆண்டுதோறும் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. உரிமையாளர் பெயர், ஊர், தலைமை அலுவலகம், எத்தனை ஆள், எவ்வளவு சுமை, எத்தனை குதிரை என எல்லாம் அதில் உண்டு. வண்டி ஓட்டியவர் பெயரை அதில் தேடிப் பயனில்லை.

கடன் வாங்காத வண்டி முதலாளி அபூர்வம். வண்டியையும் குதிரையையும் ஈடு வைத்துப் பதிவு செய்திருந்தால் அது சார்பதிவாளர் அலுவலகத்தின் 4-ஆம் புத்தகத்தில் (அசையாச் சொத்து சாராத பத்திரங்களின் பதிவேடு) இருக்கும். லாயம் இருந்த மனை என்றால் 1-ஆம் புத்தகம். 1-ஐ யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 4-இன் நகலோ எழுதிக்கொடுத்தவருக்கும் அதில் உரிமை கோருகிறவருக்கும் அவர்களுடைய பிரதிநிதிக்கும் மட்டுமே. வாரிசு என்பதற்கான ஆதாரங்களோடு போங்கள். இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது இதற்கு உதவாது. 1975-க்கு முந்தையதற்குப் பெரும்பாலும் கையால் தேடும் மனுதான். மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம், அங்கும் தேட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நீலகிரியே 1868 வரை கோவையோடுதான் இருந்தது.

சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் "டோங்கா பற்றி ஏதாவது" என்று கேட்டால் ஒன்றும் வராது. ஆண்டுவாரிக் குறியேட்டில் (இண்டெக்ஸ்) துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு கேட்க வேண்டும். முத்துசாமி அங்கே "மூட்டுசாமி" என்று வாசிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பார்; பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் முன்பே எழுதி எடுத்துப் போங்கள்.

கொடைக்கானல் குடும்பங்களுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரை மாட்டு வண்டி, அதற்கு மேல் மட்டக்குதிரையும் டோலியும். 1861 சட்டம் முதலில் குதிரை வண்டியைப் பற்றியே பேசியதால் லைசென்ஸைவிடப் பதிவுப் புத்தகங்களில் தேடுவதே மேல். கொடைக்கானல் 1985 வரை மதுரை மாவட்டம், மலைக்குப் போகும் வழியிலிருந்த பெரியகுளமும் முன்பு மதுரைதான். ஆகவே பழைய மாவட்டக் கோப்புகளை மதுரையின் பெயரில் கேட்க வேண்டும்.

பதிவுத்துறைக்கு ஒரு வேண்டுகோள்: 1908-க்கு முந்தைய 4-ஆம் புத்தகக் குறியேடுகளையாவது, தாள் பொடிந்து உதிருமுன் படமெடுத்து வையுங்கள்.

— வாசகர்கள் இருவர், குன்னூர்