கடைச் சிரிப்பு

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில், ஒரு பெண் விரும்புகிறாள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வந்த கட்டுரையை மதியச் சாப்பாட்டின்போது சத்தமாக வாசித்தோம். முடியைக் கோதுவாளாம், கம்மலைத் தொடுவாளாம், சேலையைச் சரிசெய்வாளாம், கண்ணைப் பார்த்துச் சிரிப்பாளாம். திருநெல்வேலியில் ஒரு துணிக்கடையின் பட்டுப் பிரிவில் நாங்கள் ஆறு பேர். சாயங்காலத்துக்குள் இந்த நாலையும் நூறு தடவை செய்துவிடுவோம். முந்தியைத் தோளில் போட்டுக் காட்டும்போது ஜரிகை கம்மலில் மாட்டும். கை அங்கே போகாமல் என்ன செய்யும்? காலை மாற்றி மாற்றி நின்றால் தவிப்பாம். கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. கூட்ட நாளில் அதில் சேலைகள்தான் உட்கார்ந்திருக்கும்.

போன ஆடித் தள்ளுபடியில் அம்மாவோடு வந்த ஒரு தம்பி, அப்புறம் நாலு தடவை தனியாக வந்து கைக்குட்டை வாங்கினார். கைக்குட்டை கீழ்த்தளத்தில். கடைசியில், "அன்னைக்கு என்னையப் பாத்து எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டேவிட்டார். அன்றைக்கு அவர் அம்மா மடியில் ஏழாயிரம் ரூபாய்ச் சேலை இருந்தது. அதை எப்படிச் சொல்ல?

நான் அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படித்தவள். கட்டுரையாளர் சொன்ன முதல் மூன்றும், மனசில் இருப்பது உடம்பில் தெரிவதைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலேயே இருக்கிறது: கூழை (கூந்தல்) விரித்தல், காதொன்று களைதல், உடை பெயர்த்து உடுத்தல். ஆனால் அது காதலில் இரண்டாம் படி. அதற்கு முந்தைய படியில் இருப்பது 'நகுநயம் மறைத்தல்'. சிரிப்பை மறைப்பது, ஐயா, காட்டுவது இல்லை. அதே படியில் நெற்றி வியர்ப்பதும் உண்டு. மே மாதம் ஏ.சி. ரிப்பேரானபோது எங்கள் மாடி முழுக்கக் காதல்தான் போலிருக்கிறது.

நிஜமாகவே ஒரு காதலும் அங்கே நடந்தது. ரவிக்கைத் துணிப் பிரிவுப் பெண்ணும் பில் போடும் பையனும். 'ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல்' என்று குறளில் வருமே, முன்பின் தெரியாதவர்கள் போலப் பார்த்துக்கொள்வது, அப்படி இருந்தார்கள். எல்லோரிடமும் வாயாடுகிறவள் அவனிடம் மட்டும் "பில்லு" என்பாள், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை வைத்தபோதுதான் எங்களுக்கே தெரியும். அப்புறம் யோசித்தால், நாங்கள் பில் சீட்டைச் சின்னப் பையனிடம் கொடுத்து அனுப்புவோம். அவள் மட்டும் ஒரு மீட்டர் துணிக்கும் தானே இறங்கிப் போவாள்.

பெயர் வேண்டாம்,
திருநெல்வேலி.