மாற்றுப் பேருந்தில் பேட்டில் மடாலயத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையில் பராமரிப்புப் பணி என்ற அறிவிப்பைக் கண்டாலே வெளியூர்ப் பயணத்தைக் கைவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும் வழக்கம் லண்டனில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். எழுபது வயதைக் கடந்த என் தாயார் விடாப்பிடியாகக் கேட்டதால், அண்மையில் ஒரு ஞாயிறன்று கிழக்கு சசெக்ஸில் உள்ள பேட்டில் மடாலயத்துக்குச் சென்று வந்தோம்.

லண்டனின் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து மற்ற நாட்களில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். அன்று ரயில் வழியிலுள்ள டன்பிரிட்ஜ் வெல்ஸோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் மாற்றுப் பேருந்து என்பதைப் பயணச்சீட்டு விற்றபோது எவரும் சொல்லவில்லை. அது எங்கே வந்து நிற்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். நாற்பது நிமிடம் என் தாயார் உட்கார இடமின்றிச் சாலையோரத்தில் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நின்றார்.

பாதையைப் பழுதுபார்ப்பதை நான் குறை கூறவில்லை. இந்தத் தடத்தின் சுரங்கங்களைக் கட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒப்பந்ததாரர்கள் செங்கல் அடுக்குகளைக் குறைத்து ஏமாற்றியதால், பின்னாளில் உட்புறம் கூடுதல் அடுக்கு எழுப்ப வேண்டியதாகி, சுரங்கங்கள் குறுகிப்போயின. அவற்றில் நுழைவதற்கென்றே ஒடுக்கமான பெட்டிகள் நூறாண்டுக்கு மேல் ஓடின. 1986-இல் மின்மயமானபோது அந்தக் குறுகிய சுரங்கங்களுக்குள் ஒற்றைத் தடம் போடப்பட்டது. களிமண் கரைகளும் மழைக்குச் சரியக்கூடியவை. இப்படிப்பட்ட பாதையில் பணி நடந்துதான் ஆக வேண்டும். ஆனால் வாரங்களுக்கு முன்பே திட்டமிட்ட பணியைப் பயணியிடம் முன்கூட்டியே சொல்லாமல் இருப்பதற்கு எந்தச் சுரங்கமும் காரணமாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் போனது நல்லதாயிற்று. பேட்டில் ரயில் நிலையமே 1852-இல் மடாலயத்துக்குப் பொருந்தும் வகையில் கூர்வளைவுச் சாளரங்களோடு கட்டப்பட்டது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 1338-இல் எழுப்பிய நுழைவாயில் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. 1066 அக்டோபர் 14 அன்று இம்மேட்டில் நடந்த போரில் இங்கிலாந்து மன்னர் ஹரால்டு வீழ்ந்தார். நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து வென்ற வில்லியம், சிந்திய இரத்தத்துக்குப் பரிகாரமாக இந்த மடத்தை நிறுவினார். தண்ணீர் இல்லாத குறுகலான மேடு இது என்று துறவியர் தயங்கியபோதும், ஹரால்டு விழுந்த இடத்திலேயே பலிபீடம் அமைய வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததாக மடத்தின் பழைய வரலாற்று ஏடு கூறுகிறது. 1094-இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்த ஆலயம் 1538-இல் மடம் கலைக்கப்பட்டபின் இடிக்கப்பட்டுவிட்டது. இன்று பலிபீடம் இருந்த இடத்தைப் புல்தரையில் ஒரு கல் மட்டுமே குறிக்கிறது. என் தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் அருகே சற்று நேரம் பேசாமல் நின்றார். நிலம் சரிந்து இறங்குவதால், துறவியரின் உறங்குகூடத்துக்குக் கீழுள்ள அறைகள் தெற்கே போகப் போக உயர்ந்துகொண்டே செல்கின்றன; கடைசி அறையின் தூண்களிலிருந்து கல் விலாக்கள் பிரிந்து விதானமாக விரிவதை அண்ணாந்து பார்த்தபோது காலை நேரத்து அலைச்சல் மறந்தே போயிற்று.

ஆகவே ரயில் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: பணி நடக்கும் நாளுக்குரிய சீட்டை விற்கும்போதே எந்த நிலையம் வரை ரயில், எங்கிருந்து பேருந்து, மொத்தம் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லுங்கள், பேருந்து நிற்கும் இடத்தில் ஓர் ஊழியரும் முதியோருக்கு நான்கு இருக்கைகளும் இருக்கட்டும். வாசகர்களும் பயணத்தைக் கைவிட வேண்டாம். முந்தைய இரவே நேர அட்டவணையைப் பார்த்து, திரும்பும் பேருந்தின் நேரத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
லண்டன்