இலையை ஏந்திக்கொண்டு போன அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

வருகிற வெள்ளிக்கிழமையோடு அம்மா போய் இருபது வருஷம். நீ விடியற்காலமே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவாய். நான் பத்து மணிக்கு மேல் போவேன். பதினோரு வருஷமாக இப்படித்தான், ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் பூ வைத்துவிட்டு வருகிறோம். ஏன் என்று உனக்குத் தெரியும்.

இதைத் தாளில் எழுதி உன் பேரன் கையில் கொடுத்திருக்கலாம். மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் கிழித்தேன். தனியாக எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது, அதனால்தான் கிழித்தேன். உனக்கு நான் செய்ததெல்லாம் ஊர் நடுவில் வைத்துச் செய்தது, அதனால் இதையும் ஊர் வாசிக்கவே எழுதுகிறேன். பைபிளில் வருகிற வரிவசூல்காரன் சகேயுவும் ஜனங்கள் முறுமுறுத்துக்கொண்டிருந்தபோதுதான் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான்.

ஆனாலும் இதை நம் சபைச் சேகரத்து ஆட்கள் வாசிப்பார்கள். உன் சம்பந்தி வீட்டாரும் வாசிப்பார்கள். ஆகவே சில பெயர்களை விட்டுவிடுகிறேன், ஒன்றிரண்டு விஷயங்களைத் தொடாமலே போகிறேன். உனக்குப் புரியும்.

கோயிலில் நடந்த அந்த அசன விருந்தைப் பற்றி மட்டும் முழுசாக எழுதிவிடுகிறேன்.

பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே நீ கோயில் காம்பவுண்டில்தான் இருந்தாய். உள்ளி உரித்தது, தேங்காய் துருவியது, ராத்திரி முழுக்க அடுப்புப் புகையில் நின்றது எல்லாம் நீதான். ஆராதனையின்போதுகூட சைடு வாசல் பக்கம் நின்றிருந்து, ராப்போஜன அப்பமும் ரசமும் வாங்க மட்டும் உள்ளே வந்துவிட்டுப் போனாய். நீயாக முதல் பந்தியில் போய் உட்காருகிற ஆளா? போதகரின் மனைவி ஐயரம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். இலையில் சோறு விழுந்தது, கறியும் விழுந்தது. நீ ஒரு வாய் எடுத்தும்விட்டாய். அந்த நேரம் பார்த்துத்தான் பாளையங்கோட்டையிலிருந்து அந்தப் பெரியவர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அவரைப் பற்றி இதற்குமேல் வேண்டாம். அவர் மேல் தப்பும் இல்லை. அடுத்த பந்திக்குக் காத்திருக்கிறேன் என்றுதான் அவர் சொன்னார். நான்தான் வாளியோடு நின்ற பையனை ஒதுக்கிவிட்டு, உன் பின்னால் வந்து குனிந்து சொன்னேன். "அக்கா, நீ அடுத்த பந்தியில இருந்துக்கோயேன்."

ஏன் என்று நீ கேட்கவில்லை. இலையின் இரண்டு ஓரத்தையும் உள்ளுக்கு மடக்கி, அடியில் இரண்டு கையையும் கொடுத்து, சோற்றோடு அப்படியே தூக்கினாய். நுனி வழியாகக் குழம்பு ஒழுகி உன் சீலை முந்தியில் விழுந்தது. இளநீலச் சீலை. இரண்டு வரிசைக்கும் நடுவே, சாப்பிடுகிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்க, இலையை ஏந்திக்கொண்டு சமையல் கொட்டகைக்கு நடந்தாய். எச்சில் இலை எடுக்கிறவர்களும் அப்படித்தான் நடப்பார்கள். அங்கே போய்ச் சாப்பிட்டாயா, கொட்டினாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ எழுந்த இடத்தில் புது இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

உன்னைக் கேவலப்படுத்த நினைக்கவில்லை அக்கா, அதை மட்டும் நம்பு. அந்த வரிசையில் வேறு யாரை எழுப்பியிருந்தாலும் சண்டை வந்திருக்கும். கமிட்டிப் பொறுப்பு என் தலையில் இருந்தது. கூடப்பிறந்தவள் என்ற உரிமையில்தான் உன்னைக் கேட்டேன். பல வருஷம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. எழுப்பினால் எழுந்துவிடுவாள் என்று தெரிந்தவளைத்தான் எழுப்பியிருக்கிறேன்.

அதையாவது அவசரத்தில் செய்தது என்று சொல்லலாம். இரண்டு வாரம் கழித்துச் செய்ததற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. போதகர் ஐயர் வெளியூர் போயிருந்தார், பிரசங்கம் என் பொறுப்பு. லூக்கா பதினாலாம் அதிகாரத்தை எடுத்தேன். "தன்னைத்தான் உயர்த்துகிற எவனும் தாழ்த்தப்படுவான், தன்னைத்தான் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான்." உதாரணத்துக்கு, நம் சபையிலேயே ஒரு சகோதரி சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார்கள் என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை, பெண்கள் பக்கம் அத்தனை முக்காடும் உன்னைப் பார்த்துத் திரும்பியது. நீ பாமாலைப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தேரிக்காட்டு வழியாக நடந்து பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாய்.

அந்த அதிகாரத்தை அப்புறம் எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன். தாழ்ந்த இடத்தில் போய் உட்காரு என்று இயேசு சொன்னது விருந்துக்கு வந்தவனுக்கு. விருந்து வைக்கிறவனுக்கு அவர் சொன்னது அடுத்தாற்போலவே இருக்கிறது. சிநேகிதரையும் ஐசுவரியமுள்ள அயலாரையும் அழைக்காதே, ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழை என்கிறார். அன்றைக்கு நான் விருந்து வைக்கிறவன் பக்கம் நின்றவன். எனக்கான வசனத்தை விட்டுவிட்டு உனக்கான வசனத்தைப் பிரசங்கித்தேன். பிலிப்பியரில் இயேசுவைப் பற்றி எழுதும்போது பவுல் "தம்மைத்தாமே தாழ்த்தினார்" என்கிறான். அந்தத் 'தம்மைத்தாமே'யை எத்தனை ஆராதனையில் வாசித்திருப்பேன்! ஒருத்தர் தன்னைத் தாழ்த்தினால் அது தாழ்மை. நான் உன்னைத் தாழ்த்திவிட்டு அதற்கு உன் தாழ்மை என்று பெயர் வைத்தேன்.

பனைவிளை விஷயமும் இதேதான். அம்மா போன மறுவருஷம் நீ கையெழுத்துப் போட்டாயே, அப்போது நான் சொன்ன வசனம் உனக்கு மறந்திருக்காது. "பெருமையுள்ளவர்களுக்கு தேவன் எதிர்த்துநிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்கோ கிருபை அளிக்கிறார்." வசனத்தில் குற்றம் இல்லை. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நம்மவர்களில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அது எனக்கு அன்றைக்கே தெரியும். உனக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

அம்மாவின் அடக்க ஆராதனையில் நீதிமொழிகள் முப்பத்தொன்று வாசித்தார்கள். "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" நம் பக்கத்தில் எந்தப் பெண் செத்தாலும் அதைத்தான் வாசிப்பது. குணசாலி என்றால் வாய் பேசாமல் வேலை செய்கிறவள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த இடத்தில் எபிரெயுவில் இருப்பது 'ஹாயில்' என்கிற சொல். பலம், வீரம் என்று பொருள். கிதியோனை தூதன் "பராக்கிரமசாலியே" என்று கூப்பிடுகிற இடத்திலும் அதே சொல்தான். ரூத்தை ஊரெல்லாம் குணசாலி என்று அறியும் என்று போவாஸ் சொல்கிறானே, அங்கேயும் அதுதான். அந்தப் பெண் என்ன செய்கிறாள் பார்: "ஒரு வயலை விசாரித்து அதை வாங்குகிறாள்." இதை வாசித்துப் பெண்களை அடக்கம் பண்ணுகிற வீட்டில்தான் உன் பனைகளை என் பெயருக்கு எழுதி வாங்கினேன்.

ஆனால் அக்கா, உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். உன் கண் ஆபரேஷனுக்கு நான் அனுப்பிய பணம் மூன்றாம் நாள் அதே கவரில் திரும்பி வந்தது. ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றான் பேதுரு. கேட்கத் தாழ்மை மாதிரித்தான் இருக்கிறது. அதற்கு இயேசு என்ன சொன்னார்? நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றார். உன் மௌனத்தை ஊரார் சாந்தகுணம் என்கிறார்கள். பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தகுணமுள்ளவன் என்று பேர் வாங்கிய மோசேயே, கோபம் வந்தபோது கற்பலகைகளை மலையடியில் எறிந்து உடைத்தான். ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏல, நீ செஞ்சது நியாயமா?" என்று கேட்டிருந்தால் நானும் இத்தனை வருஷம் இழுத்திருக்க மாட்டேன். நீ கேட்கவில்லை. நல்லவள் என்ற பேரோடு நீ இருந்துகொண்டாய், நான் ஊரில் என்னவாக இருந்தேன் என்று உனக்கே தெரியும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். நீயும் இதற்காகவாவது திட்டுவாய்.

விடிலிக் குடிசையில் நீ பதநீர் காய்ச்சும்போது நான் படிக்கிற சாக்கில் வந்து உட்காருவேன். பாகைச் சிரட்டைகளில் ஊற்றி முடித்ததும், சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து ஓலைத்துண்டில் வைத்துத் தருவாய். சுடும், ஊதித் தின்னுடே என்பாய். நீ தின்று நான் பார்த்ததில்லை. அந்தக் கருப்பட்டிதான் பாளையங்கோட்டையில் என் ஹாஸ்டல் பீஸ். அந்தப் படிப்புதான் என்னைப் பிரசங்க பீடத்தில் ஏற்றியது.

போன மாசம் களக்காட்டில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு டோனாவூருக்கும் போனேன். அம்மாவுக்கு இருபதாம் வருஷத்துக்குப் பளிங்கு வைக்கலாம் என்று ஆள் பார்த்து வைத்திருந்தேன். அதில் வெட்ட வேண்டியதை எழுதிய தாள் சட்டைப் பையில் இருந்தது. அம்மா பெயர் ஒரு வரி, என் பெயரும் படிப்பும் கமிட்டிப் பதவியும் மூன்று வரி. பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-ல் டோனாவூர் வந்து, 1951-ல் அங்கேயே கண்மூடினவர்கள். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளைகள் அதன்மேல் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, 'அம்மா' என்ற ஒரே சொல்லை எழுதியிருக்கிறார்கள். அங்கே நெடுநேரம் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் கல் வெட்டுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு என்ன வைப்பது என்று நீ சொல்.

விளை முழுவதையும் உன் பெயருக்கு எழுதச் சொல்லிவிட்டேன். என் பாதியும் சேர்த்துத்தான், இருபது வருஷத்துப் பனைப் பாட்டத்துக்கு அதுவே காணாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம், உன் மருமக்கள் யாரும் நாளைக்கு வந்து கேட்க மாட்டார்கள். பத்திரம் எழுதுகிறவர் இதற்குப் பெயர் 'தான செட்டில்மெண்ட்' என்கிறார். தானம் என்ற வார்த்தையை எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன், முடியாதாம். உன்னுடையதை உனக்குத் திருப்பித் தருவதற்கு அந்தப் பெயர். அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடாதே.

போவாஸ் ஊர் வாசலில் பத்து மூப்பரை உட்காரவைத்துத்தான் ரூத்தின் மாமியார் நகோமியின் வயல் விஷயத்தைத் தீர்த்தான். "அவளுடைய செய்கைகள் வாசல்களில் அவளைப் புகழக்கடவது" என்று நீதிமொழிகள் முடிவதும் அந்த மாதிரி வாசலை நினைத்துத்தான். எனக்குத் தெரிந்த வாசல் இதுதான், அதனால் இங்கே எழுதினேன்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு சார்பதிவாளர் ஆபீஸ். ஆதார் அட்டையை எடுத்துக்கொள். கண்ணாடியை மறந்துவிடாதே, பத்திரத்தை இந்தத் தடவை முழுசாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. கார் அனுப்பினால் ஏறமாட்டாய் என்று தெரியும். பேரனோடு பஸ்ஸிலேயே வா. நான் ஸ்டாப்பில் நிற்கிறேன்.

உன் தம்பி